அறுபது நிமிஷ கேசட்ல அடங்காத ஆல்பம்

கேள்வி என்னன்னா, ஒரு பாடகரோ பேண்டோ சரிய ஆரம்பிச்சது இந்த ஆல்பத்துலதான்னு நீங்க எதைச் சொல்வீங்க, ஏன்?

நான் யோசிக்காம சொல்லுவேன், ஒயாசிஸ்ங்கற இங்கிலாந்து ராக் பேண்டோட மூணாவது ஆல்பம், பி ஹியர் நவ். 1997 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை இங்கிலாந்துல ரிலீஸ் ஆச்சு. எனக்கு அந்த பேண்ட் உசுரு, இன்னைக்கும் உசுருதான், அதனால இதை யாரோ ஒரு விமர்சகர் மாதிரி தள்ளி நின்னு எழுத முடியாது, கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

அப்போ நான் திருச்சில காலேஜ் படிச்சிட்டு இருந்தேன். ஹாஸ்டல்ல ரூம்மேட்டோட அண்ணன் லண்டன்ல வேலை பாத்தாரு, அவரு அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்போ அந்த சிடியை வாங்கிட்டு வந்தாரு. எங்க யார்கிட்டயும் சிடி ப்ளேயர் கிடையாது. அப்போ எல்லாருக்கும் ஒரே வழிதான், ரெக்கார்டிங் கடைக்குப் போய் ப்ளாங்க் கேசட்ல ஏத்திக்கறது. பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்தா ரெண்டு நாள்ல ஏத்திக் குடுப்பாங்க. அவங்களோட முதல் ரெண்டு ஆல்பமும், டெஃபனட்லி மேபியும் மார்னிங் க்ளோரியும், அதே கடைலதான் ஏத்தினேன், ரெண்டுமே அறுபது நிமிஷ கேசட்ல அழகா உக்காந்துச்சு, ஒவ்வொண்ணும் அம்பது சொச்சம் நிமிஷம்தான்.

இதைக் கொண்டு போய் குடுத்தப்போ கடை அண்ணன் சிடியை ப்ளேயர்ல போட்டாரு, டிஸ்ப்ளேல 71 நிமிஷம்னு வந்துச்சு. "தம்பி, இது 60ல அடங்காது, 90 போட்டுடவா"ன்னாரு. மாசக் கடைசி, என்கிட்ட 60 வாங்கத்தான் காசு இருந்துச்சு. "அப்போ எதை விடணும்னு நீயே கேட்டுட்டு எழுதிக் குடு"ன்னு சொல்லி ஹெட்போனை கைல குடுத்துட்டாரு. அந்த ஸ்டூல்ல ஒன்றரை மணி நேரம் உக்காந்து முழு ஆல்பத்தையும் கேட்டு, ஒவ்வொரு பாட்டோட நேரத்தையும் டிஸ்ப்ளேல பாத்து எழுதி, கூட்டிக் கழிச்சு மூணு பாட்டை அடிச்சேன். மேஜிக் பை 7 நிமிஷம் 19 செகண்ட், இட்ஸ் கெட்டிங் பெட்டர் மேன் சரியா 7 நிமிஷம், கடைசில வர்ற ஆல் அரவுண்ட் த வேர்ல்டோட ரீப்ரைஸ், அதாவது அதே பாட்டு சின்னதா திரும்ப வர்றது, 2 நிமிஷம் சொச்சம். மிச்சம் ஒன்பது பாட்டு, ஏ சைடுல அஞ்சு, பி சைடுல நாலு, கச்சிதமா அடங்கிடுச்சு.

நாலஞ்சு வருஷம் கழிச்சு சொந்தமா சிடி வாங்கி முழுசா திரும்பக் கேட்டப்போதான் தெரிஞ்சுச்சு, என் கேசட்ல இருந்தது ஒரு நல்ல ஆல்பம், சிடில இருந்தது களைப்பான ஆல்பம். அதே பாட்டுதான், அதே ஆளுங்கதான். அந்த கேசட் பண்ணின வேலையை ஸ்டூடியோல யாரும் பண்ணல, அதான் என்னோட பதிலே. சரிவுன்னா பாட்டு எழுத வராம போறதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, இந்த ஆல்பத்துல அப்படி நடக்கல, "போதும், நிறுத்து"ன்ற வார்த்தைக்கு அந்த ரூம்ல மதிப்பு இல்லாம போச்சு.

கொஞ்சம் பின்னாடி போய் சொல்றேன். 1996 ஆகஸ்ட் 10, 11 ரெண்டு நாளும் நேப்வொர்த்ல கச்சேரி, ஒரு நாளைக்கு ஒண்ணேகால் லட்சம் பேரு. டிக்கெட் கேட்டு 25 லட்சம் பேருக்கு மேல அப்ளை பண்ணாங்கன்னு கணக்கு சொல்வாங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி மான்செஸ்டர்ல போர்ட்வாக்னு ஒரு க்ளப்போட அடித்தளத்துல ப்ராக்டிஸ் பண்ணிட்டு இருந்த பசங்க. அந்த கச்சேரி முடிஞ்ச அதே மாசம் எம்டிவி அன்ப்ளக்ட் ஷோல பேண்டோட பாடகர் லியாம் பாட மாட்டேன்னுட்டாரு, பாட்டெல்லாம் எழுதற கிடாரிஸ்ட் அண்ணன் நோயல் தனியா பாடினாரு, தம்பி மேல பால்கனில உக்காந்து சத்தம் போட்டுட்டு இருந்தாரு. அடுத்து அமெரிக்கா டூர், ப்ளேன் ஏற மாட்டேன்னு ஏர்போர்ட்ல இருந்து திரும்பிட்டாரு, அப்புறம் போய் சேந்தும் டூர் பாதில நின்னு போச்சு. பேப்பர்ல தினம் இவங்க கதைதான். நியாயமா அந்த நேரத்துல ஒரு வருஷமாவது ஓய்வு எடுத்திருக்கணும், ஆனா அக்டோபர் 7ஆம் தேதி அபி ரோடு ஸ்டூடியோல ரெக்கார்டிங் ஆரம்பிச்சுட்டாங்க.

அதுக்கு முன்னாடி நடந்த ஒரு விஷயம்தான் எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படுது. 1996ல நோயல் மஸ்டீக்னு ஒரு கரீபியன் தீவுக்கு லீவுக்குப் போறாரு, கூட நடிகர் ஜானி டெப், மாடல் கேட் மாஸ் எல்லாம் இருந்தாங்க (ஃபேட் இன் அவுட் பாட்டுல வர்ற ஸ்லைட் கிடார் ஜானி டெப் வாசிச்சதுதான்). அங்கேயே ப்ரொட்யூசர் ஓவன் மோரிஸை வெச்சுக்கிட்டு புதுப் பாட்டெல்லாம் டெமோ, அதாவது மாதிரி ரெக்கார்டிங், எடுத்தாங்க, ஒரு ட்ரம் மெஷின், கிடார், நோயல் குரல், அவ்ளோதான். அந்த டெமோ எல்லாம் 2016ல ஆல்பத்தை மறுபடி வெளியிட்டப்போ சேத்து வந்துச்சு, தேடிக் கேளுங்க. ஸ்டாண்ட் பை மீ பாட்டோட டெமோவைக் கேட்டா அந்த முதல் வரி காதுல நேரா வந்து விழுது, ஞாயித்துக்கிழமை சமைச்சு சாப்பிட்டு வாந்தி எடுத்ததைப் பத்தின வரி அது, மான்செஸ்டர்ல இருந்து லண்டனுக்கு வந்து தனியா சமைச்சு சாப்பிட்டு உடம்புக்கு முடியாம போன ஒரு பையனோட அனுபவம். உலகத்துலயே பெரிய பேண்டா ஆனதுக்கு அப்புறமும் அந்த ஆளுக்கு இப்படி ஒரு வரி எழுத வந்துச்சு பாருங்க. பாட்டு வத்திப் போச்சுன்னு யார் சொன்னாலும் நான் இந்த டெமோவைத்தான் கேக்கச் சொல்லுவேன்.

ஓவன் மோரிஸுக்கே அந்த டெமோ மேல ஆசை இருந்துச்சு, அதை அப்படியே அடித்தளமா வெச்சு மேல ட்ரம்ஸும் குரலும் சேக்கலாம்னு பாத்தாரு. ஆனா அதை எட்டு ட்ராக் மெஷின்ல எடுத்ததால இடம் பத்தாம பல ட்ராக்கை ஒண்ணா இறக்கி வெச்சிருந்தாரு, அதுல இருந்து ட்ரம் மெஷின் சத்தத்தை மட்டும் பிரிச்சு எடுக்க முடியல, திட்டம் கைவிட்டுப் போச்சு. ஒரு சின்ன டெக்னிக்கல் சிக்கல்தான், ஆனா அது மட்டும் நடந்திருந்தா இந்த ஆல்பத்தோட தலையெழுத்தே வேறன்னு எனக்குத் தோணும்.

அபி ரோட்டுல பேப்பர்காரங்க தொல்லை தாங்காம சர்ரேல ரிட்ஜ் ஃபார்ம்னு ஒரு ஸ்டூடியோவுக்கு மாறினாங்க. ஆரம்பத்துல எடுத்த ரெக்கார்டிங் சகிக்கல, நிறுத்திடலாம்னு ஓவன் மோரிஸ் நோயல்கிட்ட சொல்லியிருக்காரு. நோயல் தோளைக் குலுக்கிட்டு சரியா வந்துடும்னு சொல்லிட்டாராம், வேலை தொடர்ந்துச்சு. இதை மோரிஸே பின்னாடி பேட்டில சொன்னாரு. ஆக சொல்றதுக்கு ஒரு ஆள் இருந்திருக்காரு, கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. கோக்கைன் அந்த ஸ்டூடியோல தாராளமா ஓடுச்சுன்னு அவங்களே ஒளிவு மறைவு இல்லாம சொல்லியிருக்காங்க, போதைல இருக்கற அஞ்சு பேரு எதைப் பத்தியும் கவலைப்படாம போட்ட சத்தம்தான் அந்த ஆல்பம்ன்ற அர்த்தத்துல நோயல் 2003ல ஒரு டாக்குமெண்டரில பேசினாரு. அந்த போதைக்கு ஒரு குணம் இருக்கு, எல்லாமே பிரமாதமா தெரியும், எதையும் குறைக்கத் தோணாது, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு சேத்துக்கிட்டே போகத்தான் தோணும். ஆல்பத்தைக் கேட்டா அது அப்படியே கேக்குது.

மை பிக் மவுத் பாட்டுல மட்டும் கிட்டத்தட்ட முப்பது கிடார் ட்ராக் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்காங்கன்னு சொல்வாங்க. ஹெட்போன்ல போட்டுக் கேளுங்க, லியாம் தொண்டை கிழிய பாடறாரு, ஆனா அந்த குரல் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு கத்தற மாதிரி இருக்கு, பேஸ் கிடார் எங்க இருக்குன்னே தெரியல. அடுத்து உடனே முதல் ஆல்பத்துல இருக்கற லிவ் ஃபாரெவரைப் போடுங்க. விசில், ட்ரம்ஸ், அப்புறம் குரல். மூச்சு விட இடம் இருக்கு. அந்தப் பாட்டை நோயல் எழுதினது ஒரு கேஸ் பைப் கம்பெனி வேலைல கால்ல அடிபட்டு ஸ்டோர் ரூம்ல உக்கார வெச்ச நாள்ல. கைல ஒரு கிடார்தான், அதுல என்ன முடியுமோ அதான் பாட்டு.

டி யூ நோ வாட் ஐ மீன்தான் ஆல்பத்தோட முதல் பாட்டு, 7 நிமிஷம் 42 செகண்ட். ஹெலிகாப்டர் சத்தம், மோர்ஸ் கோட், எல்லாம் வந்து கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் போனப்புறம்தான் லியாம் வாயைத் திறப்பாரு. எனக்கு இந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும், இதோட பிரம்மாண்டம் பொருந்தி வருது. ஆனா அதே பிரம்மாண்டத்தை பன்னெண்டு பாட்டுக்கும் போட்டா? ஆல் அரவுண்ட் த வேர்ல்டை எடுத்துக்கோங்க, 9 நிமிஷம் 20 செகண்ட், 36 பேர் ஆர்கெஸ்ட்ரா, ஸ்கேலை மேல மேல ஏத்திக்கிட்டே போவாங்க. யூகேல நம்பர் ஒன் ஆன சிங்கிள்லயே (ஆல்பத்துல இருந்து ஒரு பாட்டை மட்டும் தனியா வெளியிடறது) நீளமானது அதுதான், 1998 ஜனவரில. அந்தப் பாட்டு 1992லயே போர்ட்வாக்ல ப்ராக்டிஸ் பண்ணினதுதான், ஆர்கெஸ்ட்ரா வைக்க காசு வர்ற வரைக்கும் நோயல் அதை பத்திரமா எடுத்து வெச்சிருந்தாரு. அஞ்சு வருஷம் காத்திருந்த ஆசை அது, காசு வந்துச்சு, தடுக்க யாரும் இல்ல, அதனால எல்லாத்தையும் கொட்டிட்டாரு. முடிஞ்சுதுன்னு நினைக்கும்போது திரும்ப வரும், அது முடிஞ்சப்புறம் ஆல்பம் கடைசில ரீப்ரைஸ் வேற.

நம்ம சினிமா பாட்டு கேட்டு வளந்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும்னு நினைக்கறேன். எவ்ளோ பெரிய மியூசிக் டைரக்டரா இருந்தாலும் எதுத்தாப்ல ஒரு டைரக்டர் உக்காந்திருப்பாரு, அந்த சிச்சுவேஷனுக்கு நாலரை நிமிஷம்தான்னா நாலரை நிமிஷம்தான், இந்த ட்யூன் வேணாம் வேற போடுங்கன்னு சொல்லுவாரு, அப்புறம் எடிட்டிங்ல இன்னும் ஒரு சரணம் போகும். இசையமைப்பாளருக்கு அது எரிச்சலாத்தான் இருக்கும், ஆனா அந்தத் தடைக்குள்ள முட்டி மோதி வர்ற பாட்டுக்கு ஒரு இறுக்கம் இருக்கும். நோயலுக்கு முதல் ரெண்டு ஆல்பத்துல அந்தத் தடையா இருந்தது காசில்லாத நிலைமை. அது போனதும் வேற எதுவும் அந்த இடத்துக்கு வரல.

வெளில இருந்து யாராவது சொல்லியிருக்கலாமேன்னு கேக்கலாம். அங்கதான் இன்னொரு கொடுமை. 1995ல மார்னிங் க்ளோரி வந்தப்போ நிறைய பத்திரிகை சுமார்னு எழுதுச்சு, அது பிரிட்டன் சரித்திரத்துலயே அதிகமா வித்த ஆல்பங்கள்ல ஒண்ணா ஆகிடுச்சு. மறுபடி ஏமாறக் கூடாதுன்னு இந்த தடவை ஆளாளுக்கு அள்ளி விட்டாங்க, க்யூ பத்திரிகை அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்துச்சு. ரிலீஸுக்கு முன்னாடி கேக்கணும்னா காண்ட்ராக்ட்ல கையெழுத்து போடணும்னு வெச்சு மேனேஜ்மெண்ட் எதிர்பார்ப்பை ஏத்தி விட்டுச்சு. முதல் நாளே 4,24,000 காப்பிக்கு மேல வித்துச்சு. பிரிட்டன்ல வேகமா வித்த ஆல்பம்ன்ற அந்த ரெக்கார்டை 2015ல பாடகி அடெல் வந்துதான் உடைச்சாங்க. அப்புறம் ஜனங்க வீட்ல உக்காந்து ரெண்டாவது தடவை, மூணாவது தடவை கேட்டாங்க. கொஞ்ச மாசத்துல செகண்ட் ஹேண்ட் சிடி கடைங்கள்ல இந்த ஆல்பம் அடுக்கடுக்கா வந்து குவிஞ்சுது, பாராட்டி எழுதின அதே பத்திரிகைகள் பேச்சை மாத்திடுச்சு. பத்திரிகைக்காரங்களை மட்டும் குத்தம் சொல்லவும் மாட்டேன், முதல் மாசம் நானும் ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் இதுதான் அவங்களோட பெஸ்ட்னு சண்டை போட்டேன், உண்மையாவே அப்படித்தான் நம்பினேன்.

நேரமும் சரியில்ல. அதே 1997ல கொஞ்சம் முன்னாடி ரேடியோஹெட்டோட ஓகே கம்ப்யூட்டர் வந்துடுச்சு, அடுத்த மாசம் தி வெர்வோட அர்பன் ஹிம்ஸ் வந்துச்சு. ஆல்பம் வந்து பத்தே நாள்ல இளவரசி டயானா இறந்தாங்க, அந்த நாட்டோட மனநிலையே மாறிப் போச்சு, ஸ்டாண்ட் பை மீ சிங்கிளா வந்தப்போ நம்பர் டூலயே நின்னுச்சு, நம்பர் ஒன்ல டயானாவுக்காக எல்டன் ஜான் பாடின பாட்டு. கொண்டாட்ட மூட்ல பண்ணின ஆல்பம் ஒரு துக்க வீட்டுக்குள்ள போய் நின்ன மாதிரி ஆகிடுச்சு. ஆனா இதெல்லாம் மேலோட்டமான காரணம்தான், டயானா இறக்காம இருந்திருந்தாலும் அந்த முப்பது கிடாரும் அங்கதான் இருந்திருக்கும்.

சிலர் கமெண்ட்ல சொல்லுவீங்க, அதுக்கப்புறமும் அவங்க ஸ்டூடியோ ஆல்பம் எல்லாமே யூகேல நம்பர் ஒன்தானே, எங்க சரிவுன்னு. உண்மைதான், ஏழு ஆல்பமும் நம்பர் ஒன்தான். நான் சார்ட்டை வெச்சு சொல்லல. 1994, 95ல இவங்க சிங்கிளோட பி சைடுல, அதாவது மெயின் பாட்டுக்குத் துணையா, தூக்கிப் போட்ட பாட்டைக் கேட்டுப் பாருங்க. அக்வீஸ், டாக் டுநைட், ஹாஃப் த வேர்ல்ட் அவே, தி மாஸ்டர்பிளான். ஒவ்வொண்ணும் மத்த பேண்டுக்கு வாழ்நாள் பாட்டு, இவங்க அதை ஆல்பத்துல கூட வைக்கல. நோயல் மட்டும் ஒரு நாலஞ்சை எடுத்து வெச்சிருந்தா மூணாவது ஆல்பம் எங்கயோ போயிருக்கும். நல்லதையே வேணாம்னு ஒதுக்கற அளவுக்கு இருந்த ஆளுங்க, ரெண்டே வருஷத்துல எதையும் ஒதுக்க முடியாத ஆளுங்களா ஆகிட்டாங்க, எனக்கு சரிவுன்னா இதுதான். 1999ல கிடார் வாசிச்ச போன்ஹெட், பேஸ் வாசிச்ச கிக்ஸி ரெண்டு பேரும் வெளில போய்ட்டாங்க, பழைய அஞ்சு பேர்ல கேலகர் அண்ணன் தம்பி மட்டும்தான் மிச்சம். 2000ல அடுத்த ஆல்பம் வந்துச்சு, அதுல அந்த பழைய திமிரு இல்ல, ஜாக்கிரதை இருந்துச்சு. இவங்களுக்கு ஜாக்கிரதை பொருந்தவே இல்ல.

இதே மான்செஸ்டர்ல தி ஸ்டோன் ரோசஸ் நேர் எதிரா விழுந்தாங்க, 1989ல முதல் ஆல்பம், அடுத்தது 1994 டிசம்பர்லதான், அவ்ளோ நாள் இடைவெளில ஜனங்களும் மாறிட்டாங்க அவங்களும் மாறிட்டாங்க, 1996ல பேண்டே கலைஞ்சு போச்சு. அது வேற கதை, தனியா எழுதறேன்.

அட்டைப் படத்தைப் பத்தி சொல்லாம விட முடியாது. ஹெர்ட்ஃபோர்ட்ஷையர்ல ஸ்டாக்ஸ் ஹவுஸ்னு ஒரு பங்களா, அதோட நீச்சல் குளத்துல ஒரு வெள்ளை ரோல்ஸ் ராய்ஸ் பாதி முங்கி நிக்குது, சுத்தி அஞ்சு பேரும் ஆளுக்கொரு பக்கம். மைக்கேல் ஸ்பென்சர் ஜோன்ஸ் எடுத்த படம். அதுல ஒரு நாள்காட்டி இருக்கும், ரிலீஸ் தேதி தெரியற மாதிரி, ஒவ்வொரு நாட்டு ரிலீஸுக்கும் ஏத்தாப்ல அந்த தேதியை மாத்தினாங்களாம். எங்க ரூம் சிடில அந்த தேதியை நான் எத்தனை தடவை விரலால தொட்டுப் பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. அஞ்சு பேரும் ஒரே படத்துல இருக்காங்க, ஒருத்தர் கூட இன்னொருத்தரைப் பாக்கற மாதிரி எனக்குத் தெரியல.

லியாமுக்கு இந்த ஆல்பம் பிடிக்கும், பேட்டில இதுக்காக நின்னு பேசியிருக்காரு, அந்த பிடிவாதத்தை நான் மதிக்கறேன். நோயல் வேற மாதிரி. 2006ல ஸ்டாப் த க்ளாக்ஸ்னு பெஸ்ட் பாட்டுத் தொகுப்பு போட்டப்போ இந்த ஆல்பத்துல இருந்து ஒரு பாட்டு கூட எடுக்கல. 2016ல மறுபடி வெளியிடும்போது முழுசையும் வெட்டிக் குறைச்சு புதுசா மிக்ஸ் பண்ணலாம்னு உக்காந்தாரு, முதல் பாட்டை மட்டும் முடிச்சிட்டு மிச்சத்தை விட்டுட்டாரு. இருபது வருஷம் கழிச்சு அவரும் அந்த ஸ்டூல்ல உக்காந்து எதை அடிக்கலாம்னு பாத்திருக்காரு, அதைப் படிச்சப்போ எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிடுச்சு.

2025 ஜூலை 4 கார்டிஃப்ல திரும்ப ஒண்ணா மேடை ஏறினாங்க, பதினாறு வருஷத்துக்கு அப்புறம். ராத்திரி முழுக்க தூங்காம போன்ல செட் லிஸ்ட் ஒவ்வொண்ணா வர வர பாத்துட்டு இருந்தேன். இருபத்து மூணு பாட்டு. பி சைடு பாட்டு மட்டும் அஞ்சு. பி ஹியர் நவ்ல இருந்து ரெண்டே ரெண்டு, டி யூ நோ வாட் ஐ மீன், அடுத்து ஸ்டாண்ட் பை மீ. ரெண்டுமே என் கேசட்ல ஏ சைடு. அந்த கேசட் இன்னும் வீட்ல இருக்கு, டேப் சுருங்கிப் போய் ஓட மாட்டேங்குது, அட்டைல கடை அண்ணன் நீல இங்க்ல எழுதின ஒன்பது பாட்டு பேர் மட்டும் இன்னும் பளிச்சுன்னு இருக்கு.